எண்ணூர் பறவைக் கணக்குக்கு 8×42 பைனாகுலர்
பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் பேரம் பேசி வாங்கியது. 10 மடங்கு பெரிதாகக் காட்டுவதுதான் நல்லது என்றார் கடைக்காரர். எண்ணூர் கழிமுகக் காற்றில் கை ஆடும், வேண்டாம் என்றேன். 8 மடங்கில் காட்சி நிற்கிறது. முன்பக்க லென்ஸ் 42 மில்லிமீட்டர் அகலம் என்பதால் விடியற்காலையிலும் இருட்டடிக்கவில்லை. கிட்டத்தில் நிற்கும் கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவையின் கறுப்புக் கால் வரை தெரிகிறது. சேற்றுத்திட்டின் அந்தக் கோடியில் எல்லாமே புள்ளிகள்தான். அதற்குக் கருவியைத் திட்ட முடியாது. தூரம் கூடக்கூடப் பறவை கண்ணில் படும் வாய்ப்பே குறையும். பார்த்த ஒவ்வொன்றின் தூரத்தையும் குறித்துவைத்து, தவறியவை எத்தனை இருக்கும் என்று மதிப்பிடும் தொலைவு மாதிரியெடுப்பு முறை இதற்காகத்தான். அப்புறம், ஃபோகஸ் சக்கரம் உப்புக்காற்றில் இறுகுகிறது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண்பக்க ரப்பரை மடக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடையில் பில் கேட்டால் சிரிக்கிறார்கள்.