செம்மண் தூசியும் டேங்க் வாயும்: மூடி இல்லாத பிக்கப்புக்கு எது தாங்கும்?

காரைக்குடில இருந்து ஆத்தங்குடி, பள்ளத்தூர், கண்டனூர்னு எந்தப் பக்கம் வண்டிய திருப்புனாலும் மெயின் ரோட்ட விட்டு எறங்குன ஒடனே செம்மண்ணுதான். சரளை அடிச்ச பாதை, தைலமரக் காட்டு ஓரமா போற வண்டித்தடம், கோடைல கண்மாய்ல வண்டல் அள்ளுற எடம், செங்கல் சூளை, இங்க எல்லாம் பிக்கப் ஓட்டுறவங்க ஏர் ஃபில்டர பத்தி மணிக்கணக்கா பேசுவாங்க. டேங்க் வாய பத்தி பேசுறவங்க ரொம்ப கம்மி.

சவுதில இருக்குற என் மச்சான் இதைத்தான் போன்ல கேட்டாரு. அவரு கம்பெனில குடுத்துருக்குறது மூடியே இல்லாத, அதாவது கேப்லெஸ் டேங்க் வச்ச பிக்கப்பு. "மாப்ள, மணல் காத்து அடிச்சா வாய அடைக்குற அந்த பிளாப்ப சுத்தி மண்ணு உக்காந்துக்குது, பெட்ரோல் போட நாசில உள்ள விட்டா அந்த மண்ணும் சேந்துல்ல உள்ள போகும், இதுக்கு நம்மூரு மூடியே தேவலையோ?"ன்னு கேட்டாரு. கேள்வி நியாயமானது, அவருக்கு சொன்னத இங்க கொஞ்சம் விரிவாவே எழுதுறேன், ஏன்னா நம்மூர்ல ஓடுற மூடி போட்ட வண்டிங்களுக்கும் இதுல பாதி விஷயம் அப்படியே பொருந்தும்.

மொதல்ல அந்த கேப்லெஸ் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துருவோம், அது புரிஞ்சாத்தான் எந்த வழி சரி எது வெட்டிச்செலவுன்னு தெரியும். ஃபோர்டு கம்பெனி இத ஈஸி ஃப்யூல்னு பேரு வச்சு 2008 வாக்குல அமெரிக்கால கொண்டு வந்தாங்க, 2009 மாடல் எஃப்-150 பிக்கப்லயே வந்துருச்சு. வெளிக்கதவ தொறந்தா திருகு மூடி இருக்காது, ஒரு வட்டமான பிளாஸ்டிக் வாயும் அதுக்குள்ள ஸ்பிரிங் வச்ச பிளாப்பும் இருக்கும். ரெண்டு பக்கமும் சின்னதா லாக் இருக்கும், சரியான சைஸ் நாசில் ரெண்டையும் ஒரே நேரத்துல தள்ளுனாத்தான் பிளாப் தொறக்கும். அதுக்கும் உள்ள இன்னொரு பிளாப்பு, ஆவி வெளில போகாம அடைக்குறது அதோட சீல்தான். பெட்ரோல் நாசில் சுமார் 21 மில்லிமீட்டர், டீசல் நாசில் சுமார் 24 மில்லிமீட்டர், அதனால டீசல் வண்டில ஒல்லியான பெட்ரோல் நாசில விட்டா பிளாப் தொறக்காம தடுக்குற மாதிரியும் இத செய்யலாம். ஒல்லி டியூப்ப விட்டு எண்ணெய் உறிஞ்சுற திருட்டுக்கும் இது ஒரு தடை. இதெல்லாம் நல்ல விஷயம், மறுக்கல.

ஆனா தூசின்னு வந்தா இதுக்கும் திருகு மூடிக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் இருக்கு. திருகு மூடி வாய வெளில இருந்து போத்திக்குது, தூசி மூடி மேல உக்காருது, மூடிய கழட்டி எடுக்கும்போது தூசியும் அதோடயே வெளில வந்துருது. கேப்லெஸ் பிளாப் உள்பக்கமா மடங்கி தொறக்குது. அது முகத்துல உக்காந்த தூசி எல்லாம் நாசில் தள்ளுற ஒடனே சரிஞ்சு கழுத்துக்குள்ள, அதாவது டேங்குக்கு போற குழாய்க்குள்ள போகும். மச்சான் பயப்படுறது இதுக்குத்தான், அந்தப் பயம் சரிதான்.

உள்ள போனா என்ன ஆகும்? பெட்ரோல் வண்டில மொத பிரச்சனை எஞ்சின்ல வராது, சீல்ல வரும். பிளாப்புக்கும் ரப்பருக்கும் நடுவுல ஒரு மணல் துகள் மாட்டுனா பிளாப் முழுசா மூடாது, பெட்ரோல் ஆவி கசியும், ஆவி கசியுறத கண்காணிக்குற சிஸ்டம் உள்ள வண்டியா இருந்தா டேஷ்போர்டுல செக் எஞ்சின் லைட் எரியும். ஸ்கேனர் போட்டா பி0457ன்னு ஒரு கோடு காட்டும், மூடி லூசா இருக்குன்னு அர்த்தம், மூடியே இல்லாத வண்டிக்கும் அதே கோடுதான். இதுக்கு ஃபோர்டு மேனுவல்லயே வைத்தியம் போட்டுருக்கு: வண்டிய ஓரங்கட்டி, கண்ணுக்கு தெரியுற அழுக்க எடுத்துட்டு, வண்டியோட குடுத்த புனலையோ பம்ப் நாசிலையோ சில தடவ உள்ள விட்டு எடுக்கணும், மாட்டுன துகள் விலகி பிளாப் சரியா உக்காரும். லைட் அப்பவே அணையாது, எஞ்சின் நல்லா ஆறுனதுக்கு அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ஓட்டி, இப்படி சில ஓட்டம் போனப்புறம்தான் அணையும், அதனால லைட்ட பாத்து பதறி ஷோரூமுக்கு ஓட வேண்டியதில்ல.

டீசல் வண்டில கதை வேற, அங்க ஆவி பெருசா வராது, ஆனா தூசிய மன்னிக்கவே மன்னிக்காது. இப்ப வர்ற காமன் ரெயில் எஞ்சின்ல, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக்குழாய்ல இருந்து டீசல் போற எஞ்சின்ல, டீசல் 1600 பாருக்கு (பார்ங்குறது அழுத்தத்தோட அளவு) மேல அழுத்தத்துல போகுது, டீசல பீச்சுற அந்த இன்ஜெக்டர் உள்ள இருக்குற இடைவெளி எல்லாம் சில மைக்ரான்தான், ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு, நம்ம தலைமுடி தடிமனே அம்பது மைக்ரானுக்கு மேல வரும். டீசல் ஃபில்டர் பெரும்பாலானத புடிச்சிரும்தான், ஆனா ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், தண்ணியும் கூட சேந்தா இன்னும் மோசம். 2020 ஏப்ரல்ல இருந்து நம்ம நாட்டுல புது வண்டிக்கு பிஎஸ்6ங்குற புகை கட்டுப்பாட்டு விதிதான், பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல் வண்டி தாங்குன அழுக்க இந்த வண்டி தாங்காது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

கேப்லெஸ்ஸ அப்படியே விட்டுட்டு ஒவ்வொரு தடவையும் நாசில் விடுறதுக்கு முன்னாடி தொடச்சுக்குறது ஒரு வழி. காசு செலவே இல்ல. டாஷ்போர்டுல லேசா ஈரமான மைக்ரோஃபைபர் துணி ஒண்ணு வச்சிருந்து, வெளிக்கதவ தொறந்து மொதல்ல சுத்தி இருக்குற குழிய, அப்புறம் பிளாப் முகத்தன்னு இந்த வரிசைல தொடைக்கணும், மாத்தி செஞ்சா குழில இருக்குற மண்ணு திரும்ப பிளாப்புக்கே வரும். தார் ரோட்டுலயே ஓடுற வண்டிக்கு இது போதும், வேற எதுவுமே வேண்டாம். ஆனா பங்க்ல நம்ம எறங்கி தொடைக்குறதுக்குள்ள பையன் நாசில சொருகிருவான், "தம்பி ஒரு நிமிஷம் இரு"ன்னு சொல்லி எறங்குற பழக்கம் வேணும், கம்பெனி வண்டிய பல டிரைவருங்க மாத்தி மாத்தி ஓட்டுனா இந்த ஒழுங்கு நிக்காது.

அடுத்தது கேப்லெஸ் வாய்க்குள்ள வச்சு அழுத்துற ரப்பர் இல்ல பிளாஸ்டிக் அடைப்பான், அமெரிக்கால ஆன்லைன்ல நெறைய விக்குது. இது மறுபடி மூடிதான், கேப்லெஸ் வாங்குன சௌகரியம் போச்சேன்னு சிலர் சொல்லுவாங்க, ஆனா மணல் காட்டுல ஓட்டுறவங்களுக்கு அந்த சௌகரியத்த விட பிளாப் முகம் சுத்தமா இருக்குறது முக்கியம்னு நான் நெனைக்கிறேன். இதுல பாக்க வேண்டியது ரெண்டு விஷயம். ஒண்ணு, அது வெளி வாயோட விளிம்ப முழுசா மூடணும், நடுவுல மட்டும் சொருகி நிக்குற மாதிரி இருந்தா சுத்தி தூசி சேந்து அத இழுக்கும்போது அதுவே உள்ள கொட்டும். ரெண்டாவது, ரொம்ப நீளமா இருந்து பிளாப்ப அழுத்திக்கிட்டு நிக்கக்கூடாது, லாக்க பாதி தள்ளுன நெலைல வச்சா ஸ்பிரிங் சோர்ந்துரும், சீலும் சரியா உக்காராது. வண்டி மாடலுக்குன்னே செஞ்சத வாங்குறது நல்லது. கழட்டுனத எங்க வைக்குறதுங்குறதும் யோசிக்கணும், வண்டி மேலயோ தரையிலயோ வச்சு திரும்ப மாட்டுனா அடியில ஒட்டுன மண்ணோட உள்ள போகும், கயிறு கோத்தது கெடைச்சா அதையே எடுங்க.

மூணாவது வழிதான் எனக்கு ரொம்ப புடிச்சது, செலவு கம்மி, வெளிக்கதவு இருக்குற நம்மூரு வண்டி எல்லாத்துக்கும் ஆகும்: வெளிக்கதவுக்கு பீடிங் ஒட்டுறது. கார் டோருக்கு ஒட்டுற ரப்பர் பீடிங் இல்லனா பஞ்சு மாதிரி ஃபோம் டேப், காரைக்குடில எந்த ஆட்டோ ஆக்சஸரிஸ் கடைலயும் மீட்டர் கணக்குல கெடைக்கும். கதவு உள்விளிம்ப நல்லா தொடச்சு காய வச்சு, சுத்தி ஒரே துண்டா ஒட்டி, சேர்ற எடம் கீழ வராம மேல வர்ற மாதிரி பாத்துக்கணும். பின் சக்கரம் தூக்கி அடிக்குற புழுதிய வாய்க்கு வர்றதுக்கு முன்னாடியே கதவுலயே நிறுத்துறது இது ஒண்ணுதான், மத்ததெல்லாம் வந்த தூசிய சமாளிக்குற வேலை. நம்ம வீட்டு ஊறுகா ஜாடில மூடிக்கு கீழ வெள்ளத்துணி கட்டுற மாதிரி இதுவும் ரெண்டாவது காவல். ரொம்ப தடியா ஒட்டுனா கதவு லாக் விழாது, ஓட்டத்துல தொறந்துக்கும், அதனால மெல்லிசுல ஆரம்பிங்க. ரப்பர் ஃபோம விட நீடிக்கும், ஃபோம் தண்ணிய உறிஞ்சி வெயில்ல பொடிஞ்சு போகும், அந்தப் பொடியே அப்புறம் அழுக்காயிரும்.

இதுல ஒரு எச்சரிக்கை இருக்கு. கதவுக்கு பின்னாடி இருக்குற கிண்ணத்துல பெரும்பாலான வண்டில அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், மழத்தண்ணியும் சிந்துன எண்ணெயும் வடியுறதுக்கு. செம்மண் சேறு அந்த ஓட்டைய அடைச்சு காஞ்சா சிமெண்ட்டு கணக்கா ஆயிரும். பீடிங் ஒட்டி ஓட்டையும் அடைஞ்சா தண்ணி கிண்ணத்துலயே தேங்கும், மூடிய தொறக்கும்போது நேரா டேங்குக்குள்ள. பீடிங் ஒட்டுறவங்க ஓட்டைய ஒரு ஈர்க்குச்சி விட்டு சுத்தம் பண்ணிட்டுத்தான் ஒட்டணும், ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துருங்க.

இப்ப நம்மூரு திருகு மூடி. வி-க்ராஸ், ஹைலக்ஸ் மாதிரி பிக்கப்புல வெளிக்கதவும் உள்ள திருகு மூடியும் இருக்கும், குட்டி யானை, பொலேரோ பிக்கப் மாதிரி லோடு வண்டில கதவே இல்லாம தொட்டிக்கு கீழ, சக்கரத்துக்கு பக்கத்துல சாவி போட்ட மூடி நேரா புழுதில நிக்கும். தூசின்னு மட்டும் பாத்தா கதவும் திருகு மூடியும் சேந்ததுதான் எல்லாத்துலயும் மேல, கேப்லெஸ் அதுக்கு கீழதான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா திருகு மூடில கவனிக்க வேண்டியது ரப்பர் வாஷர். அது காஞ்சு வெடிச்சுட்டா மூடி இருந்தும் இல்லாத மாதிரிதான், விரல வச்சு சுத்தி தடவி பாத்தா வெடிப்பு தெரியும். மூடில சின்னதா ஒரு காத்து வால்வு இருக்குற வண்டியும் உண்டு, எண்ணெய் கொறைய கொறைய உள்ள காத்து போறதுக்கு. அது தூசில அடைஞ்சா டேங்க் உள்ள வெற்றிடம் உண்டாகி பம்ப் திணறும், மூடிய திருகும்போது புஸ்ஸுன்னு காத்த உள்ள இழுக்குற சத்தம் பலமா வந்தா மூடிய மாத்துங்க. குத்தி பெருசாக்காதீங்க, அந்த ஓட்டை வழியா தூசியும் தண்ணியும் தாராளமா உள்ள போகும்.

சாவி மூடில சாவி ஓட்டைதான் பலவீனம். இறுகிப்போச்சுன்னு எஞ்சின் ஆயில விடுறாங்க, எண்ணெய் பட்ட எடத்துல செம்மண் அப்பி இன்னும் இறுகும். கிராஃபைட் பொடி போட்டா தூசி ஒட்டாது, பென்சில் முனைய சீவி சாவில தேச்சு விட்டாலே போதும். சாவி ஓட்டைக்கு நகரும் மூடி வச்சது கெடைச்சா கொஞ்சம் கூட குடுத்தாவது அதையே வாங்குங்க.

செய்யவே கூடாததுன்னு ரெண்டு இருக்கு. மூடி தொலஞ்சு போச்சுன்னு பனியன் வேஸ்ட் துணிய சுருட்டி வாய்ல அடைக்குறது ஒண்ணு, அந்த நூல் உள்ள விழுந்து பம்ப் வலைல சுத்திக்கும், தூசிய விட இது கெடுதல். நூல் வராத தடி ரப்பர் ஷீட்ட வெட்டி கட்டிக்கிட்டு கடைக்கு போய் அன்னைக்கே மூடிய வாங்கிருங்க. இன்னொண்ணு வாட்டர் சர்வீஸ்லயோ பஞ்சர் கடைலயோ கதவ தொறந்து வச்சு தண்ணி கன், காத்து கன் வச்சு அடிக்குறது. திருகு மூடி ஓரளவு தாங்கும், கேப்லெஸ் பிளாப் தாங்காது, தண்ணியையும் மண்ணையும் சீல தாண்டி நாமளே தள்ளி விடுறோம். பிரஷ்ஷும் ஈரத்துணியும் போதும்.

மச்சான் இன்னொண்ணும் கேட்டாரு, கேப்லெஸ் கழுத்த மொத்தமா கழட்டிட்டு திருகு மூடி வச்ச கழுத்த மாத்திரலாமான்னு. வேண்டாம்னுதான் சொன்னேன். பெட்ரோல் வண்டில அந்தக் கழுத்து ஆவி புடிக்குற சிஸ்டத்தோட ஒரு பகுதி, அளவு கொஞ்சம் மாறுனாலும் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், வாரண்டியும் சிக்கலாகும். அதுவும் கம்பெனி வண்டி. அவருக்கு நான் சொன்னது மாடலுக்கு ஏத்த அடைப்பானும் கதவுக்கு பீடிங்கும் சேத்து போடுங்க, ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா பீடிங் போட்டுட்டு துணிய வண்டில வைங்கன்னுதான்.

கடைசியா கேன். நம்ம பக்கம் ஜேசிபிக்கும் மோட்டாருக்கும் கேன்ல டீசல் வாங்கி வச்சு, அவசரத்துக்கு அதையே பிக்கப்புலயும் ஊத்துறது சாதாரணம். மூடி வழியா மாசக்கணக்குல போற தூசிய விட அடியில மண்ணு தங்குன ஒரு கேன்ல இருந்து ஒரே தடவைல அதிகமா போயிரும். கேன ஆடாம கொஞ்ச நேரம் வச்சு, அடி எண்ணெய ஊத்தாம விட்டு, நைசான வலை வச்ச புனல்ல வடிகட்டி ஊத்துங்க. கேப்லெஸ் வண்டின்னா கம்பெனி குடுத்த புனல் இல்லாம ஊத்த முடியாது, கடைல வாங்குன சாதா புனல் லாக்க தள்ளாது, ஸ்க்ரூ டிரைவர விட்டு நெம்பி தொறந்தா லாக் ஒடஞ்சு அப்புறம் பிளாப் மூடாமலே நிக்கும். அந்தப் புனல் ஜாக்கி இருக்குற எடத்துலயோ டூல் பையிலயோ இருக்கும், தேடி எடுத்து கழுவி காய வச்சு ஒரு ஜிப் கவர்ல போட்டு வைங்க, புனல்ல தூசி இருந்தா இவ்வளவு பீடிங் ஒட்டியும் அது வழியாவே உள்ள போயிரும்.