‘எம்டன் குண்டு’ என்று விற்கப்படும் பித்தளைக் கூடுகள்: வாங்குவோர் கவனத்திற்கு

1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னையைத் தாக்கிய கதை இன்றும் நம் ஊரில் பேசப்படுவதால், அதன் பெயரைச் சொல்லி எதை நீட்டினாலும் விலை போகிறது. சென்னையில் பழம்பொருள் வியாபாரி ஒருவர், ‘எம்டன் சுட்ட குண்டு, ராயபுரத்தில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது கிடைத்தது’ என்று கூறி, ஒரு சாணுக்குச் சற்று அதிகமான உயரமுள்ள பித்தளைக் கூடு ஒன்றை எனக்கு 14,000 ரூபாய்க்கு விற்றார். அதன் பக்கவாட்டில் கப்பலின் பெயரும் தேதியும் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்தன.

அந்தக் கதையே நடக்க இயலாதது. பீரங்கித் தோட்டாவில் வெடிமருந்து அடைத்த பித்தளைக் கூடு வேறு, அதன் முனையிலிருந்து பாய்ந்து செல்லும் எஃகுக் குண்டு வேறு. சுட்டதும் குண்டு மட்டுமே இலக்கை நோக்கிப் பறக்கும். வெற்றுக் கூடு பீரங்கியின் பின்பக்கமாக வெளியே வந்து கப்பலின் தளத்திலேயே விழும். எனவே, சென்னைக் கரையில் எம்டனின் குண்டுச் சில்லு கிடைத்திருக்கலாமே தவிர, அது சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு கிடைத்திருக்க வழியில்லை. துருவேறி, விளிம்பு கிழிந்த இரும்புத் துண்டைப் பூச்சாடியாக வைக்க யாரும் விரும்பமாட்டார்கள் என்பதால்தானோ என்னவோ, பளபளக்கும் கூட்டுக்கு இந்தக் கதையைச் சூட்டுகிறார்கள்.

அளவும் பொருந்தவில்லை. எம்டனின் முதன்மைப் பீரங்கிகள் 10.5 சென்டிமீட்டர் வாயுடையவை; இந்தக் கூட்டின் வாயைச் சாதாரண அளவுகோலால் அளந்தாலே ஏறத்தாழ 8.4 சென்டிமீட்டர்தான் வருகிறது. மேசையில் கீறல் விழாதிருக்க என்று சொல்லி அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணியை நீக்கியதும் மற்றவையும் வெளிப்பட்டன: ‘18 பிஆர்’ என்ற முத்திரை, பிரிட்டிஷ் அரசுடைமையைக் குறிக்கும் அகன்ற அம்புக்குறி, 1916 என்ற ஆண்டு. ஆக, இது பிரிட்டிஷ் தரைப்படையின் 18 பவுண்டர் பீரங்கிக்குரிய கூடு. எம்டனோ 1914 நவம்பர் 9ஆம் தேதியே கோகோஸ் தீவுகளுக்கு அருகில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலால் முறியடிக்கப்பட்டுவிட்டது. 18 பவுண்டர் கூடு முதல் உலகப் போர்க்காலத்துப் பொருள்தான் என்றாலும், கோடிக்கணக்கில் செய்யப்பட்ட அதற்கு இந்த விலை கிடையாது.

பொறிப்பையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பழைய எழுத்தாக இருந்தால் அதன் பள்ளமும் சுற்றியுள்ள பித்தளையைப் போலவே மங்கியிருக்கும். இதிலோ நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சால் துடைத்தபோது கறுப்புச் சாயம் ஒட்டிக்கொண்டு வந்தது, அடியில் புதுப் பித்தளை மின்னியது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வியாபாரி ரசீதைக் காட்டினார். அதில் ‘அலங்காரப் பித்தளைச் சாமான் – 1’ என்று மட்டுமே இருந்தது. எம்டன் என்ற சொல்லே இல்லை. ஆகவே வாய்மொழியாகச் சொல்லும் வரலாற்றை ரசீதிலும் எழுதித் தரும்படி பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம். முனையில் குண்டு பொருத்தப்பட்ட தோட்டாவைக் காட்டினால் தொடவே வேண்டாம், காவல்துறைக்குத் தெரிவியுங்கள்.

அவருடைய அலமாரியில் இதே கையெழுத்துப் பொறிப்புடன் இன்னும் சில கூடுகள் இருக்கின்றன. அவற்றின் அடியில் துணி ஒட்டாமல், ஆண்டு இருக்கவேண்டிய இடத்தையே அரத்தால் தேய்த்திருக்கிறார்கள்.