ஹாஸ்கலில் வரி வரியாக உள்ளீடு: இன்டராக்டா, கெட்லைனா?

பெங்களூரு அல்சூரில் மாமாவின் மளிகைக் கடைக்குக் கடன் கணக்கு வைக்க, ஹாஸ்கல் என்ற நிரல்மொழியில் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். பெயர் கேட்கும், தொகை கேட்கும், பாக்கியைச் சொல்லும். உள்ளீடு வாங்க அதில் உள்ள இன்டராக்ட் (interact), ஒரு நேரத்தில் ஒரு வரி வாசிக்கும் கெட்லைன் (getLine) இரண்டிலும் எழுதி ஓட்டிப் பார்த்துவிட்டு, கெட்லைனையே வைத்துக்கொண்டேன்.

இன்டராக்ட் பார்க்க அழகு. தட்டப்போகும் அத்தனையும் ஒரே எழுத்துச் சரமாகக் கைக்கு வரும். அதை இன்னொரு சரமாக மாற்றும் சார்பை எழுதினால் வேலை முடிந்தது. ஹாஸ்கலில் சோம்பல் மதிப்பீடு, அதாவது தேவைப்படும்வரை எதையும் கணக்கிடாத வழக்கம், இருப்பதால் தேவைப்படும்போதுதான் வாசிக்கும். ஒரு கோப்பை உள்ளே விட்டு வடிகட்டி எடுக்க இது அருமையான வழி.

எதிரே ஆள் உட்கார்ந்து பதில் சொல்லும்போதுதான் சிக்கல். எது முந்தி, எது பிந்தி என்பதை நாம் எழுதிய வரிசை தீர்மானிப்பதில்லை. எந்த மதிப்புக்கு எந்த மதிப்பு தேவை என்பதே தீர்மானிக்கிறது. ‘பெயர்?’, ‘தொகை?’ என்ற கேள்விகளை அச்சிட உள்ளீடு எதுவும் தேவையில்லை. அதனால் வரிகளைச் சோம்பலாகப் பிரித்தால், மாமா ஒரு எழுத்துகூடத் தட்டும் முன்பே இரண்டு கேள்விகளும் திரைக்கு வந்துவிடும். சரி, முதல் வரியை உடனே பிரித்துப் பார் என்றால், பெயரைத் தட்டி என்டர் அழுத்திய பிறகுதான் ‘பெயர்?’ என்றே வரும். பொறுமையாகச் சரிசெய்யலாம்தான். ஆனால் நாளைக்கு ‘தேதி?’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்தால் எல்லாவற்றையும் மறுபடி யோசிக்க வேண்டும். பராமரிப்பில் அடி வாங்குவது இங்கேதான்.

1990இல் வந்த ஹாஸ்கல் 1.0இல் உள்ளீடும் வெளியீடும் இப்படிச் சோம்பல் பட்டியல்களாகவே இருந்தன, 1996இன் 1.3 பதிப்பில்தான், செயல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் மோனாட் வழி வந்தது. கெட்லைன் அந்த வழியில் போகிறது: கேள், வாங்கு, கணக்கிடு, சொல் என்று எழுதிய வரிசையிலேயே நடக்கும். பாக்கி கணக்கிடும் தூய சார்பு (உள்ளீடு, வெளியீடு எதையும் தொடாதது) இரண்டு வடிவத்திலும் ஒன்றுதான், அதைத் தொடவே வேண்டியதில்லை.

இதிலும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கேள்வியை அதே வரியில் நிறுத்தினால் அது திரைக்கு வராமல் பஃபர் என்ற தற்காலிக நினைவிலேயே தங்கிவிடும். அதை உடனே வெளியே தள்ள எச்ஃப்ளஷ் (hFlush) போட வேண்டும். அப்புறம், உள்ளீடு முடிந்தது என்று சொல்லும் கண்ட்ரோல்-டி அழுத்தினால் கெட்லைன் பிழை எறியும். உள்ளீடு முடிந்துவிட்டதா என்று இஸ்இஓஎஃப் (isEOF) வைத்து முன்னாலேயே சோதிக்கலாம். ஆனால் அந்தச் சோதனையும் உள்ளீடு வரும்வரை காத்து நிற்கும், ஆகவே கேள்வியை அச்சிட்ட பிறகே அதை வையுங்கள்.

மூன்றாவது வழியாக ஹாஸ்கலைன் (haskeline) என்ற நூலகம் இருக்கிறது. ஹாஸ்கல் வரிகளை உடனுக்குடன் ஓட்டிப் பார்க்கும் ஜிஎச்சிஐயே (GHCi) அதைத்தான் பயன்படுத்துகிறது. மேல் அம்புக்குறியைத் தட்டினால் பழைய வரி திரும்ப வரும், உள்ளீடு முடிந்தால் பிழைக்குப் பதில், மதிப்பு இல்லை என்று பொருள்படும் ‘நத்திங்’ (Nothing) கிடைக்கும். ஒரு சின்னப் பயிற்சியில் மட்டும் தொட்டிருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். மாமா ஒரே பெயரைத் திரும்பத் திரும்பத் தட்டிச் சலித்தால் அடுத்து அதைத்தான் சேர்ப்பேன்.