கட்டர் போட்டுத் தருகிறோம் என்று ₹46,500 வாங்கினார்கள், இப்போது சுவரில் விரிசல்: ஆப்பில் ஆள் கூப்பிடுகிறவர்கள் படியுங்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஒரு செயலி மூலமாக, மாடி ஷீட் ஓரத்தில் மழைத்தண்ணீர் வடியக் கட்டர், அதாவது கூரைத்தண்ணீரை ஏந்திக் கொண்டுபோகிற நீளத் தொட்டி, போட்டேன். ₹46,500. பணமும் போய், புதிதாக ஒரு விரிசலும் வந்திருக்கிறது. பெயரைப் போட்டால் பதிவையே தூக்கிவிடுவார்கள், அதனால் போடவில்லை. பிளம்பர், பெயின்டர், ஏசி சர்வீஸ் எல்லாம் ஒரே இடத்தில் என்று விளம்பரம் வருமே, அந்த வகை.

எங்கள் வீடு கோவில்பட்டிப் பக்கம், சுத்தமான கரிசல். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையைக் குடித்ததும் உப்பி எழும். வீட்டைச் சுற்றி ஒரே சீராக உப்பினால்கூடப் பெரிய சேதம் வராது. ஒரு மூலை மட்டும் ஊறி, மற்ற இடம் காய்ந்திருந்தால்தான் வம்பு. ஊறின மூலையை மண் தூக்கும், காய்ந்ததும் இறக்கும், சுவர் தாங்காது. இந்த மண்ணுக்கென்றே இப்போது சிலர் அடியில் குமிழ் வைத்து மண்ணுக்குள் ஆழமாக இறக்குகிற கான்கிரீட் தூண், அண்டர்ரீம்டு பைல் என்பார்கள், அதைப் போட்டுக் கட்டுகிறார்கள். எங்களுடையது அப்பா காலத்துக் கல் கடைக்கால்.

இதையெல்லாம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதே அந்தச் செயலி அனுப்பிய சூப்பர்வைசர்தான். அதுதான் இன்னும் எரிகிறது. லேசர் வைத்து ஷீட்டை அளந்தார். "மேடம், ஆயிரம் சதுர அடி. அஞ்சு சென்டிமீட்டர் மழை பெஞ்சா நாலாயிரத்து அறுநூறு லிட்டர் தண்ணி. அம்புட்டும் செவுத்தோரமா விழுந்தா கடைக்கால் என்னத்துக்கு ஆகும்?" என்றார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர்; போட்டுப் பார்த்தேன், கணக்கு சரி. அப்புறம் சுவரடியில் உட்கார்ந்து, கூரைத்தண்ணீர் விழுந்து அரித்த பள்ளத்தை விரலால் தோண்டிக் காட்டினார். அதுவரை எந்த ஆளும் எங்கள் வீட்டுச் சுவரடியைக் குனிந்து பார்த்ததில்லை. தண்ணீரை வீட்டைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விடுவதுதான் முக்கியம் என்றும் அவரே சொன்னார். மொத்தமாக முன்னாடியே கட்டினால் தள்ளுபடி என்றார். ₹46,500-ஐ அந்த இடத்திலேயே கட்டினேன்.

வேலைக்கு அவர் வரவில்லை. இரண்டு பையன்கள் வந்தார்கள். லேசரும் இல்லை, ரசமட்டமும் இல்லை, கண்மட்டத்தில் மாட்டினார்கள். இரண்டு, மூன்று அடிக்கு ஒன்று வர வேண்டிய கிளாம்பு ஐந்தடிக்கு ஒன்று. கட்டர் நடுவில் தொய்ந்து, அங்கே தண்ணீர் தேங்கிக் கொசு வந்ததெல்லாம் சின்ன விஷயம். இறங்குகிற பைப்பைத் தரைக்கு ஒரு அடி மேலே, கிழக்கு மூலையில், சுவரை ஒட்டி அப்படியே நிறுத்திவிட்டார்கள். "மீதி எங்கேப்பா?" என்றேன். "எங்க வேலை இம்புட்டுத்தான்க்கா. கீழே லைன் இழுக்கறது தனி பேக்கேஜ்." வேலை முடிந்ததென்று நான் ஓடிபி சொன்னால்தான் அடுத்த வீட்டுக்குப் போக முடியும் என்று வாசலில் நின்றார்கள்.

முன்னே அந்தத் தண்ணீர் நாற்பதடி நீளத்துக்குப் பரவலாக விழுந்துகொண்டிருந்தது. இப்போது ஷீட்டில் விழுகிற மொத்தமும் ஒரே மூலையில் கொட்டுகிறது. இதற்குக் கட்டரே இல்லாமல் இருந்திருக்கலாம். ஐப்பசி முடிவதற்குள் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடிவிட்டது, அந்த அறைக் கதவு சாத்த வரவில்லை. கடைக்கால் இறங்கிவிட்டதோ என்று பயந்தோம். வந்து பார்த்த கொத்தனார், "இறங்கலம்மா, தூக்கியிருக்கு. இந்தத் தண்ணியக் கொண்டாந்து மூலையிலயா விடுவாங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

செயலியில் புகார் செய்தால் முதலில் பேசுவது இயந்திரம். அப்புறம் ஒரு பெண், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றார். அடுத்தவர், வாரண்டி கட்டருக்குத்தான், சுவருக்கு இல்லை என்றார். இன்னொருவர், ஓடிபி கொடுத்தால் வேலை திருப்தி என்று அர்த்தமாம். சூப்பர்வைசர் எண்ணை அழைத்தால், "நான் இப்போ அந்தக் கம்பெனியில இல்ல மேடம்." கடைசியில் வந்தது ₹500 கூப்பன், அடுத்த புக்கிங்குக்கு! ₹46,500 எங்கே, ₹500 எங்கே. கேட்காமலே புகாரையும் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள்.

என்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. இதை மட்டும் பாருங்கள். பைப்பு எங்கே முடிகிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, தெருக் கால்வாயிலோ மழைநீர்த் தொட்டியிலோ போய்ச் சேர வேண்டும். ஒரு வாளித் தண்ணீரைக் கட்டரின் அந்தக் கோடியில் ஊற்றி, இந்தக் கோடிக்கு வந்த பிறகு ஓடிபி சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்னாடி கொடுக்காதீர்கள், எவ்வளவு தள்ளுபடி என்றாலும்.

நான் 1915-இல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதிந்திருக்கிறேன். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து லட்சம் வரை வழக்குக் கட்டணம் கிடையாது. ₹46,500-ஐயும் விரிசல் பூசுகிற செலவையும் சேர்த்தே கேட்கப் போகிறேன்.