மாடித் தோட்ட அறை: வலைக் கொட்டகையா, அடைத்த பேனல் அறையா?

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வீட்டைச் சுற்றி மண் இருப்பவர்கள் சொற்பம். இங்கே தோட்ட அறை என்றால் மொட்டை மாடிதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம், ஓரத்தில் தொட்டிகள், சாயங்காலம் ஆயா உட்கார ஒரு நாற்காலி, பிள்ளைகள் படிக்க ஒரு மேசை. இதற்கு மூன்று வழி உண்டு: கீற்றுக் கொட்டகை, மேலே கூரையும் பக்கங்களில் கொசு வலையும் போட்ட இரும்புக் கொட்டகை, நாலு பக்கமும் பஃப் பேனலால் (இரண்டு தகட்டுக்கு நடுவில் நுரை வைத்த பலகை) அடைத்து ஏசி மாட்டிய அறை. என் ஓட்டு நடுவில் இருப்பதற்கு.

கீற்றின் குளிர்ச்சிக்கு ஈடு கிடையாது. ஆனால் ஒன்றிரண்டு வருடத்தில் மக்கும், எலி குடியேறும், நெருக்கமான தெருவில் ஒரு தீபாவளி ராக்கெட் போதும். விலை மலிவென்று ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குப் போகாதீர்கள். அறுக்கும்போதும் துளைபோடும்போதும் பறக்கும் இழைத்தூசி நுரையீரலைக் கெடுக்கும். குடும்பத்தின் உடம்புக்காகக் கட்டுகிற அறையில் அது எதற்கு?

மீதி இரண்டில், வெயிலை வைத்து முடிவெடுக்க முடியாது. வெறும் கலர் ஷீட் கத்திரி வெயிலில் கீழே உட்காருபவர் தலையில் அனலைக் கொட்டும். அதனால் கொட்டகைக்கும் 50 மி.மீ. பஃப் பேனலையே கூரையாகப் போடுங்கள், பத்தடிக்கு ஓரடி சரிவு விட்டு. கூரை ஒன்றாகிவிட்டால் மிச்ச வித்தியாசம் பக்கச் சுவரில்தான்.

அங்கே திறந்த கொட்டகை முந்துகிறது. மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் கடல்காற்று கரையோரக் காசிமேட்டை முதலில் தொட்டு, பிறகுதான் உள்ளே தள்ளியிருக்கும் பெரம்பூருக்குப் போகிறது. கிழக்கும் தெற்கும் வலை, மேற்கில் வெற்றிலையோ சங்குப்பூவோ ஏறிய பந்தல் என்றால் மின்விசிறி ஒன்றே போதும். வெளிச்சமும் முக்கியம். டியூப்லைட் அறையில் சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். வெளியில் நிழலிலேயே பல ஆயிரம் உண்டு. தினம் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வெளி வெளிச்சத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று கண் மருத்துவர்கள் சொல்வது இதை வைத்துத்தான். வைட்டமின் டி-க்கு மட்டும் இரண்டு அறையும் உதவாது. அதற்குக் கூரைக்கு வெளியே மூன்றடி திறந்த இடம் விடுங்கள். காலை ஏழு மணி வெயில் இதமாக இருக்கும், ஆனால் போதாது. பதினொரு மணி வாக்கில் சற்று நேரம் கைகாலில் வெயில் படவேண்டும்.

அடைத்த அறையில் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்பதை நம்பிச் செலவு செய்யாதீர்கள். 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வு சிறிய மூடிய பெட்டிக்குள் நடந்தது. அறையளவுக்கு அந்தப் பலன் வர, கால் வைக்க இடமில்லாமல் செடி அடுக்க வேண்டும். அடைத்த அறையில் செடியால் நிச்சயமாகக் கிடைப்பது ஈரம். ஏசியை நிறுத்தியதும் மூலையில் பூஞ்சை பிடிக்கும், இழுப்பு உள்ளவருக்கு அதுவே வினை.

இனி உண்மையில் முடிவைத் தீர்மானிக்கும் விஷயம்: துரு. மழை படும் கூரையைவிட, மழை படாத அடிப்பக்கம்தான் முதலில் அரிக்கும். கடல்காற்று கொண்டுவந்து மேலே படியவிடும் உப்பை மழை கழுவிவிடுகிறது. இறவாரத்தின் அடி, பர்லினின் (கூரை ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) உள்மடிப்பு, தூணின் மேல்முனை ஆகிய இடங்களில் அது தங்கி, இரவு ஈரத்தில் ஊறுகிறது. திறந்த கொட்டகையில் இதற்கு மருந்து செடிக்குத் தண்ணீர் விடும் குழாய். மாதம் ஒருமுறை கூரை அடியையும் சட்டத்தையும் நல்ல தண்ணீரால் அலசிவிடலாம். உப்பேறிய போர் தண்ணீர் கூடாது. தரை விரித்து, மின்கம்பி ஓடும் அடைத்த அறையில் அப்படிக் குழாய் பிடிக்க முடியாது. சந்துகளில் இறங்கிய உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். பஃப் பேனலின் உட்பக்கம் காற்று படாமல் காக்கப்படுகிறது என்பதும் நியாயம்தான். ஆனால் பேனலை அறுத்த விளிம்புகளில் பூச்சு கிடையாது, ஜன்னலுக்கும் கதவுக்கும் அறுக்கும்போது அந்த விளிம்பு பல மடங்காகிறது. பேனல் அறைகள் இந்தப் பக்கம் பரவியது பழைய கதையல்ல. நீண்ட வாரண்டிப் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேட்பேன்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை சில. சட்டத்துக்கு எம்.எஸ். (சாதா இரும்பு) பைப்பில் ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்பார்கள். ஹாட் டிப் செய்த, அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த, ஜி.ஐ. பைப் கேளுங்கள். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். சுரண்டிவிட்டுத் துத்தநாகப் பெயிண்ட் இரண்டு கோட் அடிக்கவேண்டும். பைப்பின் திறந்த வாயை மூடாவிட்டால் உள்ளிருந்தே அரிக்கும். தூணை நேரே தளத்தில் வைக்காமல், ஆறு அங்குலக் கான்கிரீட் மேடையில் பேஸ் பிளேட் (அடித்தகடு) போட்டு நிறுத்துங்கள். ஷீட்டைக் கிரைண்டரால் அறுத்தால் தீப்பொறி பூச்சைச் சுடும், தெறித்த இரும்புத்தூள் மறுவாரமே பழுப்புப் புள்ளியாகும். கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு போட்டால் கவலையில்லை என்ற நம்பிக்கையும் தவறு. கூரை ஷீட்டின் துத்தநாக-அலுமினியப் பூச்சோடு அது உப்பு ஈரத்தில் சேரும்போது, திருகு பளபளவென்று நிற்கும், சுற்றியிருக்கும் பூச்சு கரையும். பூச்சுப்போட்ட கூரைத் திருகும் இ.பி.டி.எம். ரப்பர் வாஷரும் போதும். ஏசியின் செம்புக் குழாயிலிருந்து சொட்டும் நீரும் அதே வேலையைச் செய்யும். சுவரோடு சேரும் இடத்தில் ஈரச் சிமெண்ட் பூச்சு வேண்டாம், சந்தை அடைக்க வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் பசையும் வேண்டாம். நியூட்ரல் சிலிக்கான் வாங்குங்கள். வலைக்கு ஃபைபர் கிளாஸ்.

புயல் நேரத்தில் அடைத்த அறை பலமானது போலத் தெரியும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலை நினைத்துப் பார்த்தால், காற்று பிடிக்கக் கிடைத்த பரப்பு எவ்வளவு என்பதுதான் கேள்வி. கொட்டகைக்கு ஓரடிக்கு மேல் இறவாரம் நீட்டாதீர்கள், தூண்களைக் கீழ்வீட்டுத் தூண், பீம் இருக்கும் வரிசையிலேயே கெமிக்கல் ஆங்கரால் (துளையில் பசை ஊற்றிப் பிடிக்கும் போல்ட்) பிடியுங்கள். வடகிழக்கில் மழைச்சாரலுக்காகத் தொங்கும் திரையைப் புயல் எச்சரிக்கை வந்ததும் சுருட்டிவிட வேண்டும். விரித்து விட்டால் பாய்மரம் கட்டியது போல்தான்.

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரத்துப் பழைய வீடுகளில் தேக்குச் சட்டத்தின் மேல் செங்கல் குத்துக்கல்லாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் இருந்தால், பொறியாளர் பார்க்காமல் எந்த அறையும் கூடாது. ஆள் புழங்கும் கான்கிரீட் மாடிக்கே சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான் கணக்கு. மண் மட்டும் நிரப்பிய 20 லிட்டர் தொட்டி நனைந்தால் 30 கிலோவைத் தாண்டும். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் சம பங்காகக் கலந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். தொட்டிகளைக் கைப்பிடிச்சுவர் ஓரமாக வையுங்கள். அடித்தட்டில் தண்ணீர் ஒரு வாரம் நின்றால் டெங்குக் கொசு வளர்ந்துவிடும்; வலைக்கு உள்ளேயே வளர்ந்தால் வலை எதற்கு?

அடைத்த அறையை நானே சொல்லும் இடம் ஒன்று உண்டு: ஆலைகள் நிறைந்த மணலி, எண்ணூர் பக்கம், வீட்டில் ஆஸ்துமா நோயாளி இருந்தால். இலையில் சாம்பல் படியும் தெருவில் வலை எதையும் தடுக்காது. ஆனால் ஸ்பிளிட் ஏசியை மட்டும் நம்ப வேண்டாம், அது உள்ளிருக்கும் காற்றையே சுழற்றும். தூசிக்கு ஹெப்பா எனும் நுண்தூசி வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வேண்டும், வாயு வாடைக்கு அதிலேயே கரி வடிகட்டியும் இருக்கவேண்டும். அந்த அறையில் செடிகளை ஜன்னலுக்கு வெளியே வையுங்கள்.