பின்னல் புத்தகம்: 1989 பதிப்பு கையில் இருக்க, 2018 பதிப்பு தேவையா?

வோக் நிட்டிங் என்ற அமெரிக்க ஊசிப் பின்னல் இதழ்க்காரர்கள் தொகுத்த ‘தி அல்டிமேட் நிட்டிங் புக்’ முதலில் 1989இல் வந்தது. முழுக்கத் திருத்திய பதிப்பு 2018இல் வந்தது. பெரியம்மா வழியாக வந்த பழைய பிரதி என்னிடம் இருக்கிறது. புதியதை வாங்கலாமா என்பதுதான் கேள்வி. மதுரை வெயிலில் ஸ்வெட்டர் யாருக்கு என்று கேட்பீர்கள். பிறந்த குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ் பின்னித்தர ஆள் தேடும் வீடுகள் இங்கேயும் உண்டு. மூன்று நாலு மணி நேரத்தில் கொடைக்கானலும் வந்துவிடும்.

அடிப்படை வேலையைப் பொறுத்தவரை பழையதே போதும். ஊசியில் கண் (நூல் வளையம்) ஏற்றுவது, நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்கள், இழுத்தால் விரிந்து சுருங்கும் ரிப், முறுக்குக் கயிறு போலத் தெரியும் கேபிள், பட்டன் துளை எதுவும் இந்த முப்பது வருஷத்தில் மாறவில்லை. இதைக் கற்றுக்கொள்ளப் புதுப் பதிப்பு வாங்குவது வீண் செலவு.

மாறியது வேறு இடத்தில். இரண்டு ஊசி முனைகளை நீள வயர் இணைக்கும் ஒரே சர்குலர் ஊசியில் சின்ன வட்டங்களையும் பின்னும் ‘மேஜிக் லூப்’ முறை 2002இல் ஒரு சிறு கையேடாக வந்து பரவியது. சாக்ஸை விரல் நுனியிலிருந்து தொடங்க ஜூடி பெக்கர் சொன்ன கண் ஏற்றும் முறை 2006இல் நிட்டி இணைய இதழில் வெளியானது. சாக்ஸின் வாய் இறுக்காமல் முடிக்க ஜெனி ஸ்டெய்மன் சொன்ன முறை 2009இல் அதே இதழில் வந்தது. 1989 புத்தகத்தில் இவற்றைத் தேடிப் பயனில்லை. ஆனால் நிட்டியில் வந்த இரண்டையும் இன்றும் காசில்லாமல் படிக்கலாம். இதற்காக மட்டும் கனமான இறக்குமதிப் புத்தகத்துக்குப் பணம் கொடுக்க எனக்கு மனமில்லை.

சரி, யூடியூபே போதுமே? ஒரு உத்தியை ஒருமுறை பார்த்துக்கொள்ளப் போதும். கழுத்துப் பக்கம் கண் குறைக்கும்போது இரண்டு கையிலும் ஊசி இருக்கும், வீடியோவோ நிற்காமல் ஓடும். அந்த நேரத்தில் மேஜையில் விரித்து வைத்த பக்கம்தான் உதவும். கழுத்தில் தொடங்கி, தையலே இல்லாமல் ஒரே துண்டாக ஸ்வெட்டர் பின்ன நினைப்பவருக்கும் அப்படித்தான். தோள், அக்குள், கை என்று கணக்கு ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு போகும். அதை ஒரே இடத்தில் வரிசையாகப் படிக்க வேண்டும், பத்து வீடியோவில் பொறுக்கிச் சேர்க்க முடியாது.

நம் ஊர்க்காரர், பதிப்பைவிட அதிகம் கவனிக்க வேண்டியது ஊசி எண். இது அமெரிக்கப் புத்தகம். அங்கே எட்டாம் நம்பர் ஊசி 5 மி.மீ. இங்கே வீட்டில் கிடக்கும் பழைய ஊசிகளில் இருப்பது பிரிட்டிஷ் எண், அதில் எட்டு என்றால் 4 மி.மீ. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும்: அமெரிக்க எண் ஏற ஏற ஊசி தடிக்கும், பிரிட்டிஷ் எண் ஏற ஏற மெலியும். 10 செ.மீ.க்கு 18 கண் வரவேண்டிய இடத்தில் மெல்லிய ஊசியால் 22 கண் வந்தால், 100 கண் போட்ட துண்டு 55 செ.மீ.க்குப் பதில் 45 செ.மீ.யில் நின்றுவிடும். பெரியவருக்குத் தொடங்கியது பிள்ளைக்குப் போய்ச் சேரும். பழைய ஊசியை ஓட்டை போட்ட அளவுத் தகட்டில் நுழைத்து மி.மீ. பார்த்துவிடுங்கள். எந்தப் பதிப்பு வைத்திருந்தாலும் இந்த வேலையைத் தவிர்க்க முடியாது.

அப்புறம் நூல். இப்படிப்பட்ட புத்தகங்கள் கம்பளியை மனதில் வைத்துப் பேசுபவை. மதுரைப் புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அங்கே போனாலும் விளக்குத்தூண் பக்கம் போனாலும், ‘உல்லன்’ என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது அக்ரிலிக். ஆவி இஸ்திரி போட்டு வடிவம் பிடிக்கச் சொல்லும் குறிப்பை அதில் அப்படியே செய்தால், நூல் துவண்டு போய் ரிப் மறுபடி சுருங்காது. நனைத்து, நிழலில் விரித்துக் காயவைப்பதோடு நிறுத்துங்கள்.

கையில் எந்தப் பதிப்பும் இல்லாதவர் யோசிக்காமல் 2018 வாங்கலாம். 1989 பழைய பிரதி பாதி விலைக்குக் கிடைத்தாலும் அவரை அதை வாங்கச் சொல்லமாட்டேன். பழையதை வைத்துக்கொண்டு, நேர் ஊசியில் குல்லா, மஃப்ளர், குழந்தை ஸ்வெட்டர் பின்னுபவருக்குப் புதியது தேவையில்லை. என் நிலை இரண்டுக்கும் நடுவில்: ஒரே துண்டு ஸ்வெட்டர் ஆசை இருக்கிறது, ஆனால் சர்குலர் ஊசி ஒன்றுகூட இல்லை. முதலில் 80 செ.மீ. வயர் வைத்த 4 மி.மீ. ஊசி ஒன்று வாங்கப் போகிறேன். அதில் ஒரு குழந்தை ஸ்வெட்டர் கழுத்திலிருந்து இறங்கி அக்குளைத் தாண்டினால், புத்தகத்துக்கு ஆர்டர் போடுவேன்.