டோட்டா 2 கிராஃபிக்ஸ் மெனு: பல வருடம் புழங்கிய பிறகு

ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் மோதும் ஆன்லைன் கேமான டோட்டா 2-வின் வீடியோ செட்டிங்ஸ் பக்கத்தில் 'ரெண்டர் குவாலிட்டி' என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. சதவீதக் கணக்கில் நகரும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் இந்த கேமை ஆடுகிறவர்கள் பிழைப்பதே அந்த ஒரு ஸ்லைடரால்தான். இத்தனை வருடத்தில் இந்த மெனுவில் நான் நோண்டாத பெட்டி கிடையாது. மனதார நன்றி சொல்ல வேண்டும் என்றால் அந்த ஸ்லைடருக்குத்தான் சொல்வேன். கோபம் வருவதும் இதே மெனு மேல்தான், அதை அப்புறம் சொல்கிறேன்.

ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கியிருக்கிறார். "அண்ணா, டோட்டாவுல எதை ஆஃப் பண்ணணும், எதை விட்டுடலாம்?" என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. இதே கேள்வி இன்னும் பலருக்கு இருக்கும் என்பதால் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

கேம் திணறினால் எல்லோரும் முதலில் கை வைப்பது ரெசல்யூஷனில். 1920×1080-ஐ 1280×720 ஆக்கினால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் வரையப்படுகிறது என்ற எண்) ஏறும், உண்மைதான். ஆனால் திரை மொத்தமும் மங்கிவிடும். மூலையில் இருக்கிற சின்ன வரைபடமான மினிமேப்பில் ஆற்றைத் தாண்டி வருவது எந்த ஹீரோ என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். ஐட்டத்தின் மேல் ஓடுகிற கூல்டவுன் எண் (மறுபடி பயன்படுத்த இன்னும் எத்தனை நொடி என்பது) 6-ஆ 8-ஆ என்று தெரியாது. மினிமேப் சரியாகத் தெரியவில்லை என்றால் டோட்டா ஆடுவதில் அர்த்தமே இல்லை.

ரெண்டர் குவாலிட்டி ஸ்லைடர் இதை வேறு மாதிரி செய்கிறது. திரை 1080-லேயே இருக்கும். மினிமேப், ஸ்கில் பட்டன், கடை, எண்கள் எல்லாம் முழுக் கூர்மையோடு நிற்கும். கீழே இருக்கிற உலகம் மட்டும், அதாவது மரம், ஆறு, க்ரீப் (கணினியே ஓட்டுகிற சின்ன வீரர்கள்), ஹீரோ எல்லாம், குறைந்த பிக்சலில் வரையப்பட்டுப் பெரிதாக்கப்படும். 70-இல் வைத்தால் அகலமும் உயரமும் தலா 70 சதவீதம்: 1344×756. பெருக்கினால் சுமார் 10 லட்சம் பிக்சல். முழு 1080-க்கு 20 லட்சத்துக்கும் கொஞ்சம் மேல். ஸ்லைடரில் பார்த்தால் முப்பதுதான் குறைத்திருக்கிறோம், கிராஃபிக்ஸ் சிப்புக்கோ வேலை பாதியாகிவிட்டது. 100-இலிருந்து 70-க்கு இறக்கும்போது கிடைக்கிற துள்ளல் அதனால்தான் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

2021 ஜூனில் இதோடு சிப் நிறுவனமான ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் என்ற பெரிதாக்கும் தொழில்நுட்பமும் வந்து சேர்ந்தது. ஸ்லைடரை 100-க்குக் கீழே இறக்கினால் அந்தப் பெட்டியை டிக் செய்யலாம். பெரிதாக்கும்போது ஓரங்களைக் கண்டுபிடித்து, மங்கலைக் குறைத்துக் கூர்மையாக்கும். அந்த முதல் தலைமுறை எஃப்எஸ்ஆர் ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாக எடுத்து வேலை செய்கிறது, பழைய ஃபிரேம்களை நம்பி இருப்பதில்லை. தனி வன்பொருள் எதுவும் கேட்பதும் இல்லை, அதனால் இன்டெல் சிப்பிலும் ஓடும், பழைய என்விடியா கார்டிலும் ஓடும். 70-ஐ எஃப்எஸ்ஆரோடும் அது இல்லாமலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். மரத்தின் இலை ஓரங்களில் வித்தியாசம் உடனே தெரியும். ஹீரோ மேல் அவ்வளவாகத் தெரியாது, கேமராதான் மேலே எட்டத்தில் இருக்கிறதே.

இதெல்லாம் எதிர்பார்த்த நன்மைகள். எதிர்பாராமல் கிடைத்தது வேறு: இந்த ஸ்லைடர் ஒரு நல்ல பரிசோதனைக் கருவி.

சண்டை நடக்கும் நேரத்தில் எஃப்பிஎஸ் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். காரணம் கிராஃபிக்ஸ் சிப்பா, ப்ராசசரா? ஸ்லைடரை சட்டென்று 50-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் மூச்சு முட்டியது கிராஃபிக்ஸ் சிப். இம்மியும் அசையவில்லை என்றால் ப்ராசசர்தான் தடை, இனி எவ்வளவு மங்கலாக்கினாலும் பைசா பிரயோஜனமில்லை. பத்து ஹீரோ ஒரே இடத்தில், அதில் ஒரு ஃபேன்டம் லேன்சர் தன் நகல்களை வரிசையாகப் பெற்றுத் தள்ளிக்கொண்டிருக்கிறார் என்றால் அத்தனை யூனிட்டின் நடை, அசைவு, எஃபெக்ட் கணக்கை எல்லாம் போட வேண்டியது ப்ராசசர்.

இதைச் சோதிக்க நேரடி மேட்ச் வேண்டாம், கூட ஆடுகிற நான்கு பேர் பாவம். பழைய மேட்ச் ஒன்றின் ரீப்ளேயைத் திறந்து பெரிய சண்டை நடக்கும் இடத்துக்குப் போங்கள். ரீப்ளே என்பது வீடியோ கோப்பு அல்ல, கேம் எஞ்சினே திரும்ப வரைந்து காட்டுவது. அதனால் செட்டிங் மாற்றினால் அதுவும் மாறும். அதே பத்து நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பெட்டியை மட்டும் மாற்றுங்கள். ஆப்ஷன்ஸில் நெட்வொர்க் தகவலைக் காட்டு என்ற பெட்டியை டிக் செய்தால் எஃப்பிஎஸ்ஸும் பிங்கும் (சர்வருக்குத் தகவல் போய் வர ஆகும் நேரம்) மேலே மூலையில் வந்துவிடும். தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். பிங்கையும் பார்த்துக்கொள்வது நல்லது. சென்னை சர்வரில் பிங் எகிறியதை கிராஃபிக்ஸ் கோளாறு என்று நினைத்து லேப்டாப்பைத் திட்டுகிறவர்கள் நிறைய.

மாற்றம் உடனுக்குடன் தெரிகிறது என்பது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். நான் ஆடிய இன்னொரு ஷூட்டர் கேமில், பேர் வேண்டாம், நிழலை ஒரு படி குறைத்தால்கூட கேமை மூடித் திறக்க வேண்டும். மேட்ச் நடுவில் மூடினால் பாதியில் ஓடியவன் என்று தண்டனை வேறு. அதே நிறுவனம் அதே மெனுவில் ஐந்து ப்ரீசெட் கொடுத்து, ஒவ்வொன்றும் எதை மாற்றுகிறது என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ரெசல்யூஷன் ஸ்கேல் என்று ஒன்று உண்டு, குறைத்தால் எழுத்தும் சேர்ந்து மங்கும். ஆடுகிறவனின் நேரத்துக்கு மரியாதை தராத வேலை அது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

மல்டிபிளேயர் கேமின் கிராஃபிக்ஸ் மெனு என்பது தனி ஆள் கேமின் மெனு மாதிரி கிடையாது. அங்கே அழகைக் குறைத்தால் நஷ்டம் எனக்கு மட்டும். இங்கே நான் ஒன்றைக் குறைத்தால் எதிராளிக்கு அநியாயம் நடக்கலாம். 1999-இல் வந்த குவேக் 3-இல் ஆர்_பிக்மிப் என்ற கட்டளையை ஏற்றிவிட்டால் சுவரின் வேலைப்பாடெல்லாம் போய் ஒரே வண்ணத் தட்டையாக மாறும், அதன் முன்னால் எதிரி பளிச்சென்று தெரிவான். போட்டி ஆட்டக்காரர்கள் அப்படித்தான் ஆடினார்கள். வார் தண்டரில் பழைய கார்டுகளுக்காக மிகக் குறைந்த தர மோடு ஒன்று வைத்தார்கள். புல் பூண்டு மறைந்துபோய், புதருக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் டாங்க் வெட்டவெளியில் நிற்கிற மாதிரி ஆனது. நல்ல கார்டு வைத்திருந்தவர்களும் அந்த மோடுக்கே இறங்கினார்கள். கவுண்ட்டர் ஸ்ட்ரைக் 2-இல் மூலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரின் நிழல் அவருக்கு முன்னால் வந்து விழும், அங்கே நிழல் என்பது தகவல். ஷூட்டர் கேம் செய்கிறவர்கள் ஒவ்வொரு ஆப்ஷனையும் திறந்துவிடும் முன் இதை யோசித்தே ஆக வேண்டும்.

டோட்டாவுக்கு அந்தக் கவலை குறைவு. யார் யாருக்குத் தெரிவார்கள் என்பதை சர்வர் முடிவு செய்கிறது. மரத்துக்குப் பின்னால், மேட்டுக்கு மேல், நம் அணியின் பார்வை எட்டாத மூடுபனிக்குள் நிற்கிற ஹீரோ எங்கே என்ற தகவல் நம் கம்ப்யூட்டருக்கு வருவதே இல்லை. புல்லை எடுத்தாலும், தண்ணீரைத் தட்டையாக்கினாலும், பனிப்படலத்தை அணைத்தாலும் மறைந்திருப்பவர் மறைந்தே இருப்பார். இந்த மெனுவில் இத்தனை பெட்டிகளை நம் கையில் கொடுத்துவிட முடிந்ததற்கு அடிப்படை அதுதான். அதை நினைத்துப் பார்க்கும்போது இந்த மெனு மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. பத்தாயிரம் ரூபாய் லேப்டாப் வைத்திருப்பவருக்கும் லட்ச ரூபாய் கணினி வைத்திருப்பவருக்கும் தெரிகிற தகவல் ஒன்றே.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

மெனுவைத் திறந்தால் முதலில் சுலபமான ஒரு ஸ்லைடர்: ஒரு முனை வேகம், மறு முனை அழகு. மேம்பட்ட செட்டிங்ஸ் என்ற பெட்டியை டிக் செய்தால் அடியில் சரம் சரமாக டிக் பெட்டிகள். ஆம்பியன்ட் ஒக்ளூஷன் (மூலை முடுக்குகளில் விழும் மெல்லிய நிழல்), ஸ்பெகுலர், ஆடிட்டிவ் லைட் பாஸ், நார்மல் மேப்ஸ், மரத்தில் காற்று, புல், உயர்தரத் தண்ணீர், கூடவே டெக்ஸ்ச்சர் (பொருட்களின் மேல் ஒட்டப்படும் படம்), எஃபெக்ட், நிழல் தரங்கள். இதில் எது ப்ராசசரை அழுத்தும், எது கிராஃபிக்ஸ் சிப்பை அழுத்தும், எது மெமரியை மட்டும் தின்னும் என்ற பிரிவு இல்லை. எல்லாப் பெட்டியும் ஒரே அளவு, ஒரே நிறம். நிழல் தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிழல் விழ வேண்டும் என்றால் அந்தப் பொருட்களை விளக்கின் கண்ணிலிருந்து இன்னொரு முறை வரைந்தாக வேண்டும், அதனால் ப்ராசசர், சிப் இரண்டுக்கும் சுமை. டெக்ஸ்ச்சர் தரம் அப்படியில்லை. மெமரி போதுமான அளவு இருந்தால் அதை ஏற்றி வைத்தாலும் எஃப்பிஎஸ் பெரிதாக விழாது. இந்த இரண்டும் மெனுவில் அடுத்தடுத்து, ஒரே தோரணையில் நிற்கின்றன. புதிதாக வருகிற ஒருவர் என்ன செய்வார்? எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளுவார். தேவையே இல்லாமல் கேமை அசிங்கமாக்கிக்கொண்டு ஆடுவார், சண்டையில் எஃப்பிஎஸ்ஸும் விழும்.

இதைச் செய்ய முடியாதா என்றால், செய்து காட்டியிருக்கிறார்கள். 2019-இல் வந்த கியர்ஸ் 5-இல் ஒரு செட்டிங் மேல் போய் நின்றால் சிப், ப்ராசசர், வீடியோ மெமரி மூன்றிலும் அதன் பாதிப்பு எவ்வளவு என்று எழுதிக் காட்டும். ஜிடிஏ 5-இன் பிசி பதிப்பில் 2015-லேயே வீடியோ மெமரி எவ்வளவு நிரம்புகிறது என்று ஒரு பட்டை வைத்திருந்தார்கள். டோட்டா 2, 2015-இல் சோர்ஸ் 2 எஞ்சினுக்கு மாறியது, 2016-இல் கிராஃபிக்ஸ் சிப்போடு பேசும் புது வழியான வல்கன் வந்தது, அப்புறம் எஃப்எஸ்ஆர் வந்தது. உள்ளே இவ்வளவு வேலை நடந்திருக்கிறது. பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு வார்த்தை எழுதுவது இதைவிடக் கஷ்டமா?

தம்பிக்கும், அதே மாதிரி லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும் நான் சொல்வது இது. எஃப்பிஎஸ் உச்ச வரம்பை 60-இல் வையுங்கள். உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ்தான், ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட் போதும். வரம்பில்லாமல் விட்டால் ஆட்டத்தின் ஆரம்பப் பகுதியான லேனிங்கில் 110 காட்டும், லேப்டாப் கொதிக்கும், வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்புறம் சண்டை வரும்போது 35-க்கு விழும். சராசரி எவ்வளவு என்பதைப் பார்க்காதீர்கள், சண்டையில் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். ரெண்டர் குவாலிட்டி 70, எஃப்எஸ்ஆர் ஆன். ஆம்பியன்ட் ஒக்ளூஷன் ஆஃப். நிழல் ஒரு படி குறைவு. டெக்ஸ்ச்சரை மீடியத்துக்குக் கீழே இறக்க வேண்டாம். புல், மரத்தில் காற்று எல்லாம் உங்கள் இஷ்டம். எனக்குத் தரை சுத்தமாக இருந்தால் ஸ்கில் வட்டங்கள் தெளிவாகத் தெரிகிறது, அதனால் புல்லை எடுத்துவிடுவேன்.

அதற்கும் முன்னால் லேப்டாப்பின் பின்மூடியைத் திறந்து ராம் எத்தனை ஸ்டிக் என்று பாருங்கள். தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் சிப்பும் ப்ராசசரும் அதே ராமைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே ஒரு ஸ்டிக் இருந்தால் தரவு போகும் வழி பாதிதான். அதே அளவில் இன்னொன்று போட்டால் வழி இரண்டாகும். என் பழைய லேப்டாப்பில் அந்த மாற்றம் செய்ததை மெனுவின் எந்தப் பெட்டியும் செய்யவில்லை.

மெனுவுக்கு மார்க் கேட்டால் பத்துக்கு ஐந்து. நான் பார்த்த மல்டிபிளேயர் கேம்களில் இந்த அளவுக்கு மனதுக்குப் பிடித்த கிராஃபிக்ஸ் மெனு வேறு இல்லை, ஆனாலும் ஐந்துதான். 2013-இல் வெளியான கேம் இது, இன்னும் ஒரு புது ஆள் எதை அணைக்க வேண்டும் என்று என்னைப் போன்ற ஒருவரிடம் வந்து கேட்க வேண்டியிருக்கிறது. பெட்டிகளுக்குப் பக்கத்தில் ப்ராசசர், சிப், மெமரி என்று எழுதிவிடட்டும், அன்றைக்கே ஒன்பதாக மாற்றிவிடுகிறேன்.